"1822 கல்குளம்" என்று சுற்றுகிற தோள்சீலைப் படம்: பலகையில் வைக்கலாமா?

நாஞ்சில்_வாசிப்பு:

குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளான நவம்பர் 1-க்கு நூலகத்தில் ஒரு படக்காட்சி வைக்கிறோம். பன்னிரண்டு பலகை, ஒவ்வொன்றும் இரண்டடிக்கு மூன்றடி. கையில் இருப்பதில் நாலு படம் மட்டும் இடிக்கிறது.

படம் 1: மூன்று பெண்கள், இடுப்புக்கு மேல் துணி இல்லை, பின்னால் ஓலைக்கூரை. வாட்சப்பில் "1822, கல்குளம், தோள்சீலைக் கலகம்" (திருவிதாங்கூரில் நாடார் பெண்களின் மேலாடை உரிமைப் போராட்டம்) என்று எழுதி வந்தது. 640 புள்ளி அகலம்தான்.

படம் 2: கெட்டி அட்டையில் ஒட்டிய அசல். மிஷன் பள்ளிப் பெண்கள் ரேந்தை (லேஸ்) பின்னுகிறார்கள். அட்டை 108-க்கு 165 மில்லிமீட்டர். பின்னால் பேனாவில் "1821" என்று பிற்காலத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள்.

படம் 3: தொண்டர்கள் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். "சுசீந்திரம் சத்தியாகிரகம் 1924".

படம் 4: 1954 ஆகஸ்ட், மார்த்தாண்டம். ஒரு பத்திரிகைத் துண்டு, ஒரு சிறிய பிரிண்ட். பிரிண்ட் சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கிறது.

எதை வைக்கலாம், எதை எடுத்துவிட வேண்டும், தலைப்பு எப்படி எழுதுவது? ஸ்கேன் அளவும் சொல்லுங்கள்.

கண்ணாடித்தகடு:

படம் 1-ல் இருந்து தொடங்குவோம். 1822-ல் உலகத்தில் எங்கேயும் மனிதரைப் படம் பிடிக்கும் கேமரா இல்லை. தாகெர் என்பவரின் புகைப்பட முறை பாரிசில் அறிவிக்கப்பட்டது 1839 ஆகஸ்டில். கண்ணாடியில் படமெடுக்கும் ஈரத்தகட்டு முறையை ஆர்ச்சர் வெளியிட்டது 1851-ல். தோள்சீலைப் போராட்டத்தின் முதல் இரண்டு கட்டமும் (1822-23, 1827-29) கேமராவுக்கு முந்தியவை. மூன்றாவது கட்டம் (1858-59) நடந்தபோது கேமரா இருந்தது, ஆனால் கலவரத்தைப் பிடிக்கிற கேமரா இல்லை.

ஈரத்தகடு எப்படி வேலை செய்யும் என்று பார்த்தால் காரணம் விளங்கும். கண்ணாடியில் கொலோடியன் என்ற பிசின்போன்ற திரவத்தை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காயும் முன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அதற்குக் கிடைப்பது சில நிமிஷம்தான். அதனால் இருட்டுக் கூடாரம் ஒன்று பக்கத்திலேயே வேண்டும். வெளிச்சம் படவேண்டிய நேரமோ சில நொடி, நிழலில் இன்னும் அதிகம். ஓடுகிற ஆள் வெறும் புகையாகத்தான் விழுவார். ஆகவே "1859 கலவரம்" என்று கூட்டம் ஓடுகிற தெளிவான படம் வந்தால் பார்த்த உடனே தள்ளிவிடலாம். அப்படிப்பட்ட படத்துக்கு முன்கூட்டியே தயாரித்து வைக்கிற உலர்தகடு வேண்டும். அது கடையில் கிடைக்கத் தொடங்கியது 1880-ஐ ஒட்டித்தான்.

ஒரு வேலை செய்யுங்கள். படம் 1-ஐத் தலைகீழ்த் தேடலில் (படத்தையே கொடுத்து இணையத்தில் மூலத்தைத் தேடுவது) போடுங்கள். முழுப்படத்தையும் ஒரு தடவை, பிறகு நடுப்பெண்ணை மட்டும் வெட்டி ஒரு தடவை, பிறகு இடவலம் திருப்பி ஒரு தடவை. சுற்றுகிற படங்களில் பாதி கண்ணாடி பிம்பம்போலத் திருப்பப்பட்டவை. அடிப்பாகம் சதுரமாக நறுக்கியதுபோல் இருந்தால், அங்கேதான் அச்சிட்ட வரி இருந்திருக்கும்.

குப்பாயம்1859:

காலக்கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் படம் சொல்கிற கதையே தப்பு. "பெண்களை மேலாடை போடவிடவில்லை, அவர்கள் போராடிப் போட்டார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நடந்தது அதைவிட நுணுக்கமானது.

அன்றைய திருவிதாங்கூரில் துணி என்பது சாதித் தட்டின் அடையாளம். யார் முன்னால் யார் தோளில் துணி இருக்கலாம் என்பதுதான் சட்டம். உயர்ந்த சாதிப் பெண்ணும் கோயிலில், அரண்மனையில், தனக்கு மேலானவர் முன்னால் மேல்முண்டை விலக்குவதுதான் மரியாதை என்றிருந்த சமூகம் அது. ஆகவே மேலாடை இல்லாத பெண் படத்தில் இருப்பதாலேயே அவள் எந்தச் சாதி, ஒடுக்கப்பட்டவளா இல்லையா என்று சொல்லிவிட முடியாது.

போராட்டம் மூன்று துணிகளைச் சுற்றியது. ஒன்று இடுப்பில் கட்டும் ஒற்றை முண்டு. இரண்டாவது குப்பாயம், சிரியன் கிறிஸ்தவரும் மாப்பிள்ளைமாரும் போட்ட தளர்ந்த சட்டை. மூன்றாவது தோள்சீலை, அதாவது தோளுக்குமேல் போடும் மேல்முண்டு. பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ காலத்தில் மதம் மாறிய பெண்களுக்குக் கிடைத்தது குப்பாயத்துக்கான அனுமதி. அவர்கள் அதற்குமேல் தோள்சீலையும் போட்டார்கள். அங்கேதான் தீப்பிடித்தது. 1829 பிப்ரவரி 3-ல் ராணி கௌரி பார்வதிபாய் பெயரில் வந்த விளம்பரம் (அரச அறிவிப்பு) மேல்சீலை கூடாது என்றது. 1859 ஜூலை 26 விளம்பரமோ, மெட்ராஸ் கவர்னர் ட்ரெவெல்யன் நெருக்கிய பிறகு வந்தது. அதைக் கவனமாகப் படியுங்கள்: எந்த மதத்துச் சாணார் பெண்ணும் குப்பாயம் போடலாம், அல்லது முக்குவத்திகளைப்போல (மீனவப் பெண்கள்) முரட்டுத்துணி சுற்றிக்கொள்ளலாம், எப்படி வேண்டுமானாலும் மூடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல மட்டும் கூடாது. வெற்றி என்று நாம் கொண்டாடும் ஆவணத்திலேயே அந்தத் தட்டு அப்படியே நிற்கிறது. பலகையில் வைக்க வேண்டியது இந்த வரி.

தலைப்பில் சாதிப்பெயர் எழுதும்போது "நாடார் (அக்கால ஆவணங்களில் சாணார்)" என்று எழுதுங்கள். ஆவணத்தை மேற்கோள் காட்டும் இடத்தில் மட்டும் பழைய சொல் அப்படியே இருக்கட்டும்.

விளவங்கோடு_மேற்கு:

எல்லாம் செரிதான் அண்ணே, ஆனா பலகைக்கு முன்னால நிக்கப்போறது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். விளம்பரத்தை எழுத்தா ஒட்டினா யாரு வாசிப்பா? படம்னா நிப்பாங்க. "சித்திரிப்புப் படம்"னு சின்னதா போட்டு வெச்சுட்டா என்ன குத்தம்? 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் இருநூறாவது ஆண்டு விழா நடந்தப்போ இதே மாதிரிப் படங்கள்தான் எல்லா போனிலயும் ஓடிச்சு. அதனாலதான் ஒரு பாடு பேருக்கு விஷயமே தெரிஞ்சது.

குப்பாயம்1859:

குற்றம் என்ன என்று கேட்டதால் சொல்கிறேன். துணி போடும் உரிமைக்காக அடிவாங்கிய பெண்களின் நினைவுக்கான பலகையில், துணியில்லாத வேறு ஊர்ப் பெண்களை அவர்கள் பெயரில் நிறுத்துகிறோம். அந்த மூன்று பேரிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் காலத்து அஞ்சலட்டைக் கம்பெனிகள் இப்படிப்பட்ட படங்களை விற்றது வெள்ளைக்கார வாடிக்கையாளர் வேடிக்கை பார்க்க. அதே சரக்கை நாம் மறுபடி கடைவிரிக்க வேண்டாம். "சித்திரிப்பு" என்று சின்ன எழுத்தில் போடுவது யாரையும் தடுக்காது. பிள்ளைகள் போனில் எடுக்கும்போது அந்தச் சின்ன எழுத்து சட்டகத்துக்கு வெளியே போய்விடும். அடுத்த வாட்சப்புக்கு மூலமே உங்கள் பலகையாக ஆகும்.

இன்னொன்று. முலைவரிக்கு எதிராக மார்பை அறுத்துக் கொடுத்ததாகச் சொல்லும் சேர்த்தலை நங்கேலி கதையையும் இதோடு சேர்த்துவிடுகிறார்கள். அந்த ஊர் இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே. அது வாய்மொழியாக வந்த கதை, வரி பற்றியது. தலைவரி, முலைவரி என்பவை உழைக்கும் சாதிகளின் ஆண் பெண் தலைக்கணக்கில் வாங்கிய வரி. தோள்சீலை விவகாரம் உடை பற்றிய தடை. இரண்டையும் ஒரே பலகையில் போட்டால் இரண்டும் கெடும்.

நாஞ்சில்_வாசிப்பு:

தேடிப் பார்த்தேன். முழுப்படம் கிடைத்தது. கீழே ஒரு வரிசை எண்ணும் "மலபார்" என்ற சொல்லும் அச்சாகியிருக்கிறது. ஏல இணையதளம் ஒன்றில் பின்பக்கமும் இருக்கிறது. நடுவில் செங்குத்துக் கோடு, இடது பக்கம் எழுத, வலது பக்கம் முகவரி.

கண்ணாடித்தகடு:

பிறகென்ன, முடிந்தது. கோடு போட்ட பின்பக்கம் 1902-ல் பிரிட்டனில் தொடங்கி மற்ற இடங்களுக்குப் பரவியது. அதற்கு முன் அஞ்சலட்டையின் முகவரிப் பக்கத்தில் சேதி எழுத முடியாது. ஆக இந்த அட்டை இருபதாம் நூற்றாண்டு, இடம் மலபார் என்று அட்டையே சொல்கிறது. கல்குளமும் இல்லை, 1822-ம் இல்லை. பலகையில் இருந்து எடுங்கள்.

இப்படித் தப்பாகத் திரும்பும் படங்கள் பொதுவாக நாலு ஊற்றில் இருந்து வரும். மலபாரிலும் தென்கன்னடத்திலும் வேலை செய்த பாசல் மிஷன் படங்கள். அவர்கள் திருவிதாங்கூரில் இல்லை. இலங்கையில் அச்சான, ரோடியர் என்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களின் அஞ்சலட்டைகள். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதியாக வெளியிட்ட சாதி விவரக் கணக்கில் உள்ள படங்கள். நாலாவது, மட்டீர் பாதிரியார் 1871-ல் லண்டனில் வெளியிட்ட திருவிதாங்கூர் நூலில் உள்ள செதுக்குப் படங்கள். கடைசியாகச் சொன்னது நம் ஊர்தான், ஆனால் அது புகைப்படம் அல்ல. பத்து மடங்கு லென்சில் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். நகைக்கடையில் வைத்திருக்கிற சின்ன லென்ஸ் போதும்.

அந்த லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், முக்கால்வாசிச் சண்டை அதிலேயே தீரும். ஒழுங்கான வரிசையில் புள்ளி புள்ளியாக இருந்தால் அது அச்சுப் படம், புத்தகத்திலோ பத்திரிகையிலோ வெட்டியது. நெளிநெளியான பொடி வலை தெரிந்தால் கொலோடைப், பழைய அஞ்சலட்டைகளில் அதிகம். புள்ளியே இல்லாமல் சாயல் தொடர்ச்சியாக ஓடினால்தான் உண்மையான புகைப்படப் பிரிண்ட். அதில் காகித நார் தெரிந்து, தாள் மெல்லிசாக அட்டையில் ஒட்டப்பட்டு, வெள்ளைப் பகுதி மஞ்சளாகியிருந்தால் முட்டைவெண்கருத் தாள். நார் தெரியாமல் வழவழவென்று, கருத்த இடங்களில் சாய்த்துப் பார்க்கும்போது நீலவெள்ளி மினுக்கு இருந்தால் ஜெலட்டின் தாள். அந்த மினுக்கை அழுக்கு என்று துணியால் தேய்த்துவிடாதீர்கள். அது படத்தின் வெள்ளியேதான் மேலே வந்திருக்கிறது.

ரேந்தை:

படம் 2-ஐ நான் எடுத்துக்கொள்கிறேன். 108-க்கு 165 என்றால் கேபினட் அட்டை, ஸ்டுடியோக்கள் படம் ஒட்டிக் கொடுத்த அட்டை அளவு. அது புழக்கத்துக்கு வந்தது 1866-ல். ஆகவே "1821" போகாது. இதைவிடச் சின்ன அட்டை, 64-க்கு 100 மில்லிமீட்டர், கிடைத்தால் அது கார்ட்-த-விசிட், 1850-களின் கடைசியில் இருந்து.

ஆனால் அந்த 1821 வெறும் கற்பனை இல்லை. மிஷனரி சார்லஸ் மால்ட்டும் மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்தது 1819-ல். பெண்பிள்ளைகள் விடுதிப்பள்ளியும் ரேந்தைப் பின்னலும் அதையடுத்த ஆண்டுகளில் தொடங்கியவை. பின்னால் எழுதியவர் தொழில் தொடங்கிய ஆண்டைப் படத்தின் ஆண்டாக எழுதிவிட்டார். குடும்பப் படங்களிலும் இதே தப்புதான் அதிகம் நடக்கும். சர்ச் கட்டின வருஷம் படத்துக்கு ஏறிவிடும்.

படத்தில் பார்க்க வேண்டியது மடியில் இருக்கிற தலையணை. அதன்மேல் துளையிட்ட மாதிரித்தாள், துளைகளில் ஊசி, ஊசியைச் சுற்றி இரண்டு இரண்டாக மாற்றிப் போடும் நூல்கட்டைகள். கைகள் மட்டும் மங்கலாக இருந்தால் நல்ல அடையாளம், நீண்ட நேர வெளிச்சம். கை அசையாமல் கூர்மையாக இருந்தால் "பின்னுவதுபோல் வையுங்கள்" என்று சொல்லி எடுத்தது. இரண்டும் அசல்தான், ஆனால் தலைப்பில் "பின்னும் பெண்கள்" என்பதும் "பின்னும் நிலையில் நிறுத்தப்பட்ட பெண்கள்" என்பதும் வேறு வேறு. மிஷன் படங்கள் லண்டனில் நன்கொடை திரட்டப் போனவை. தோய்த்த சட்டை, வாரிய தலை, வரிசையாக உட்காருதல் எல்லாம் அதற்காக.

அந்தச் சட்டையைப் பாருங்கள். தோள்சீலைச் சண்டையின் உண்மையான சாட்சி உங்களிடம் இருக்கிற இந்தப் படம்தான். 1859-க்குப் பிறகு கழுத்துவரை மூடிய சட்டையோடு, முகத்தை நேராக வைத்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள். படம் 1-ஐ எடுத்த இடத்தில் இதைப் பெரிதாக்கி வையுங்கள்.

லண்டன் மிஷன் சங்கத்தின் படங்களும் கடிதங்களும் இப்போது லண்டன் சோவாஸ் நூலகத்தில், உலக மிஷன் மன்றத்தின் ஆவணத் தொகுப்பில் இருக்கின்றன. இதே பிள்ளைகளின் வேறொரு படம் அங்கே இருந்தால் ஆண்டு இன்னும் நெருங்கும். தேடும்போது இன்றைய எழுத்தில் மட்டும் தேடாதீர்கள். நாகர்கோவில், நெய்யூர், மயிலாடி எல்லாவற்றுக்கும் அந்தக் காலப் பாதிரியார்கள் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் வைத்திருந்தார்கள்.

தாமரைக்குளம்:

இதில் ஒரு குறை இருக்கிறது. மிஷன் பக்கம் படம் இருப்பதால் போராட்டமே மிஷன் கதையாக ஆகிவிடுகிறது. சாமித்தோப்பு அய்யா வைகுண்டரின் துவையல் பந்தி (கூடியிருந்து நடத்திய தூய்மை நோன்பு), ஆண்கள் தலைப்பாகையோடு வழிபட்டது எல்லாம் அதே காலம். அதற்கும் ஒரு படம் வேண்டும். "அய்யாவின் அபூர்வப் புகைப்படம்" என்று ஒன்று வருகிறதே, அதை வைக்கலாமா?

குப்பாயம்1859:

வைக்க வேண்டாம். அய்யா மறைந்தது 1851 வைகாசியில், ஈரத்தகட்டு முறை வெளியான அதே ஆண்டு. சுற்றுகிறவை பிற்காலத்து ஓவியங்கள், சிலதில் ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் "புகைப்படம்" ஆக்கியிருக்கிறார்கள். பதிகளில் (அய்யாவழிக் கோயில்கள்) உருவம் வைக்காமல் கண்ணாடி வைக்கிற மரபு அது. சாமித்தோப்புப் பதியின் இன்றைய படமும், தலைப்பாகை கட்டி நிற்கிற வழிபாட்டுப் படமும் போதும், "இன்று" என்று தேதியோடு. குறையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. கேமரா யார் கையில் இருந்ததோ அவர்கள் பக்கம்தான் படம் குவியும். அதைப் பலகையிலேயே ஒரு வரியாக எழுதுங்கள்.

கண்ணாடித்தகடு:

படம் 3. கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாச் சாதியும் நடக்கும் உரிமைக்கான சுசீந்திரம் சத்தியாகிரகம் 1926-ல் தொடங்கியது, டாக்டர் எம்பெருமாள் நாயுடு முன்னின்றது. 1924-ல் நடந்தது வைக்கம் சத்தியாகிரகம். இரண்டுக்கும் படம் மாறிப்போவது வழக்கம், ஆனால் பிரிப்பது சுலபம். பின்னணியைப் பாருங்கள். வைக்கத்தில் கேரளப் பாணி, உயர்ந்த ராஜகோபுரம் கிடையாது, ஓட்டுக்கூரை வாசல். சுசீந்திரத்தில் ஏழுநிலைக் கோபுரம், 134 அடி, எதிரே நடுமண்டபத்தோடு தெப்பக்குளம். தெருவில் உட்கார்ந்த படத்தில் கோபுரத்தின் ஒரு மூலையாவது விழாமல் இருக்காது. அந்தக் கோபுரம் முடிந்தது 1888-ல் என்பதும் ஓர்மையில் இருக்கட்டும், மற்றப் பழைய சுசீந்திரம் படங்களுக்கு உதவும்.

நம் மாவட்டத்தில் இப்படித் தேதி சொல்லும் கட்டடங்கள் நிறைய. நாகர்கோவில் மணிமேடைக் கடிகாரம் 1893. பேச்சிப்பாறை அணை 1906. குமரியில் காந்தி மண்டபம் 1956, விவேகானந்தர் பாறை 1970, வள்ளுவர் சிலை 2000. மாத்தூர்த் தொட்டிப்பாலம் 1966. ரயில் 1979. கடற்கரைப் படத்தில் பாறை மொட்டையாக இருந்தால் 1970-க்கு முன் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

1936 நவம்பர் 12 கோயில் நுழைவு விளம்பரத்துக்கு யாராவது படம் தந்தால், பின்னால் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) எழுதியிருப்பார்கள். 825 கூட்டினால் போதும் என்று நினைத்துத்தான் பலர் ஒரு வருஷம் தப்புகிறார்கள். மலையாளச் சிங்க மாதம் ஒன்று, அதாவது ஆகஸ்ட் நடுவில் இருந்து டிசம்பர் வரை 824. ஜனவரியில் இருந்து கர்க்கடகம் முடியும்வரை 825. விளம்பரம் வந்தது 1112 துலாம் 27. 825 போட்டால் 1937 ஆகிவிடும். காந்தி இங்கே கோயிலுக்குள் போனது 1937 ஜனவரி, அதே கொல்லம் 1112. ஆகவே வெறும் "1112" என்று மட்டும் இருந்தால் இரண்டு நிகழ்ச்சியும் அதற்குள் அடங்கும், மாதம் பார்க்காமல் எழுதாதீர்கள்.

விளவங்கோடு_மேற்கு:

1954 நம்ம பக்கம். சின்னதா பின்னணி: தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோட சேர்க்கப் போராடின திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணி தலைமை. 1954 ஆகஸ்ட் 11 விடுதலை நாள்னு அறிவிச்சு ஊர்வலம். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு. அப்போ திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளை, பிரஜா சோஷலிஸ்ட் மந்திரிசபை. அவங்க கட்சிக்குள்ளயே லோகியா ராஜினாமா செய்னு கேட்டார். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் அன்னிக்கு மெட்ராஸ் மாநிலமா இருந்த தமிழ்நாட்டுக்கு வந்தது. இதுக்கு முன்ன 1948-லயே மங்காடு தேவசகாயம், கீழ்க்குளம் செல்லையா செத்தாங்க. 1954 பலகையில அவங்க பேரைக் கலந்து எழுதிடாதீங்க, தனி வரி.

படத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி, எழுத்து. கொடியிலயோ கடைப்பலகையிலயோ தமிழ் எழுத்து இருந்தா ணை, லை, னை, றா பாருங்க. 1978 சீர்திருத்தத்துக்கு முன்ன பழைய கொம்பு, சுழி வடிவம்தான் பொதுவழக்கு. புது வடிவம் இருந்தா சந்தேகப்படுங்க. பெரியார் இயக்க அச்சு மட்டும் விதிவிலக்கு, அவங்க 1935-லயே மாறிட்டாங்க. மலையாளப் பலகைன்னா கூட்டெழுத்து பாருங்க, அவங்க சீர்திருத்தம் 1971. மார்த்தாண்டத்துல அன்னிக்கு ரெண்டு எழுத்தும் இருக்கும்.

படம் 1 விஷயத்துல நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிடுதேன். மலபார்னு அச்சடிச்சிருக்கிறதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல.

கண்ணாடித்தகடு:

1954 பிரிண்டுக்கு இரண்டு சோதனை சேர்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் பிளாஸ்டிக்போல இருந்து, கம்பெனிப் பெயர் சாய்வாக அச்சாகியிருந்தால் ஆர்.சி. தாள். அது பரவியது 1970-களில். படம் உண்மையாக இருக்கலாம், பிரிண்ட் பிற்காலத்துப் பிரதி. இன்னொன்று கடையில் நோட்டு சோதிக்கிற புறஊதா விளக்கு. இருட்டில் ஒரு நொடி காட்டுங்கள், பக்கத்தில் புது வெள்ளைத்தாள் ஒன்றையும் வைத்து. வெளுப்பூட்டி கலந்த புகைப்படத்தாள் 1950-களில்தான் வருகிறது. ஆகவே 1937 என்று சொல்லும் பிரிண்ட் நீலமாகப் பளிச்சிட்டால் அது பிரதி. 1954-க்கு இந்தச் சோதனை இரண்டு பக்கமும் போகும், அதை மட்டும் நம்பாதீர்கள். ஓரம் பிய்த்ததுபோல் அலைஅலையாக வெட்டியிருந்தால், 6-க்கு 9 சென்டிமீட்டர் அளவில் இருந்தால், அந்தக் காலத்துப் பெட்டிக் கேமராவின் நேரடிப் பிரிண்டாக இருக்கும்.

உப்புக்காற்று:

கண்ணாடியோடு ஒட்டின பிரிண்ட். பிடுங்காதீர்கள். பிளேடு, ஹேர் டிரையர், ஃபிரிட்ஜ் எதுவும் வேண்டாம். ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது, இழுத்தால் படம் கண்ணாடியில் தங்கும், தாள் மட்டும் கையில் வரும். பின் அட்டையையும் ஆணிகளையும் மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே படியெடுங்கள்.

ஸ்கேனரில் வைப்பதானால் அது சிசிடி வகையா (ஆழமாகப் பார்க்கிற தடித்த ஸ்கேனர்) என்று பாருங்கள். மெல்லிசான சிஐஎஸ் ஸ்கேனருக்கு ஆழம் கிடையாது. நடுவில் கண்ணாடித் தடிமன் இருந்தால் படம் மங்கிவிடும். இதுதான் பலபேர் "ஸ்கேனர் கெட்டுப்போச்சு" என்று நினைக்கிற இடம். சிசிடி இல்லாவிட்டால் கேமரா. படம் தட்டையாக, கேமரா நேர்மேலே, ஸ்டாண்டில். இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரேமாதிரி விளக்கு. எஃப் 8, ஐஎஸ்ஓ 100, இரண்டு நொடி டைமர். கேமராவைச் சுற்றிக் கறுப்புத்துணி, லென்சுக்கு மட்டும் துளை. இல்லாவிட்டால் கண்ணாடியில் கேமராவே தெரியும். ஓரத்தில் ஒரு அளவுகோலும் சாம்பல் நிற அட்டையும் வையுங்கள்.

மற்றவைக்கு ஸ்கேன் அளவு. படம் 2-க்கு 1200 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் வண்ணத்தில், டிஃப் கோப்பாக. சின்னக் கார்ட் அளவுப் படமே (54-க்கு 89 மில்லிமீட்டர்) 1200-ல் ஏறத்தாழ 2550-க்கு 4200 புள்ளி வரும், 24 பிட்டில் 32 மெகாபைட். அதைப் பலகையில் 200 டிபிஐ-யில் அச்சிட்டால் பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம். நாலடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு இது தாராளம். பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள், அந்த "1821" உட்பட. தப்பான எழுத்தும் ஆவணம்தான், அழிக்காண்டாம்.

பத்திரிகைத் துண்டில் வேறு தொல்லை. செய்தித்தாள் அச்சு அங்குலத்துக்கு 65 வரி அளவில் இருக்கும், ஒரு புள்ளி 0.4 மில்லிமீட்டர். 200, 300-ல் ஸ்கேன் செய்தால் புள்ளியும் ஸ்கேனர் கட்டமும் மோதி அலைஅலையாக விழும். 600-ல் எடுங்கள், மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு பிரதியில் மட்டும் மென்மையாக்கிச் சிறிதாக்குங்கள். துண்டுக்குப் பின்னால் கறுப்புத்தாள் வைத்தால் மறுபக்க எழுத்து தெரியாது. செயற்கை நுண்ணறிவில் "தெளிவாக்குகிற" செயலிகள் வேண்டவே வேண்டாம். கூட்டத்தில் இல்லாத முகத்தை வரைந்துவிடும். 1954 படத்தில் ஒரு முகம் கூடிப்போனால் அது ஒரு குடும்பத்துக்குக் கேள்வியாகும்.

அசலைப் பலகையில் வைக்காதீர்கள், பிரதி போதும். அசல் திரும்பப் போகும்வரை வைக்கிற விதம்: இங்கே கடல்காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நின்றாலே பூஞ்சை. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். மூடியுள்ள பெட்டி, உள்ளே ஆரஞ்சு சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி, 35-க்கும் 50-க்கும் இடையே. ஜெல் நிறம் மாறினால் 120 பாகையில் சூடேற்றி மறுபடி போடலாம். ஒட்டும் ஆல்பம், பிவிசி உறை இரண்டும் படத்தைத் தின்னும். நல்ல பிளாஸ்டிக் உறைகூட நம் ஈரத்தில் ஜெலட்டினோடு ஒட்டும், அமிலமில்லாக் காகித உறைதான் இங்கே சரி. அந்துருண்டை வேண்டாம். கொடுத்தவர் பெயரை உறையில் எழுதுங்கள். படத்தின் பின்னால் எழுதியே ஆகவேண்டும் என்றால் ஓரத்தில் மென்மையான பென்சில், அழுத்தாமல். பால்பாயின்ட் முன்பக்கம் வரை பள்ளம் விழுத்தும்.

நாஞ்சில்_வாசிப்பு:

தலைப்புகள் இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

படம் 2: "ரேந்தை பின்னும் நிலையில் மிஷன் பள்ளிப் பெண்கள், நாகர்கோவில். 1866-க்குப் பிந்திய கேபினட் அட்டை. பின்னாலுள்ள 1821 பிற்காலக் குறிப்பு."

படம் 3: கோபுரம் இல்லை, ஓட்டுக்கூரை வாசல்தான் தெரிகிறது. வைக்கம் என்று மாற்றி, சுசீந்திரத்துக்கு வேறு படம் தேடுகிறேன்.

படம் 4: "மார்த்தாண்டம், 1954 ஆகஸ்ட். குடும்பத் தொகுப்பு, கண்ணாடி வழியே படியெடுத்தது."

படம் 1-ன் பலகையில் 1829, 1859 விளம்பர வரிகளைப் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் மூன்று துணியையும் நிஜமாகவே தொங்கவிடலாம் என்று யோசனை: ஒற்றை முண்டு, குப்பாயம், தோள்சீலை. பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம்.

குப்பாயம்1859:

நல்ல யோசனை. படம் 2-ல் "நாகர்கோவில்" என்பதற்கு அட்டையில் ஸ்டுடியோ முத்திரையோ எழுத்தோ ஆதாரம் இருக்கிறதா? இல்லையென்றால் "தென்திருவிதாங்கூர் மிஷன் பள்ளி" என்று நிறுத்திக்கொள்ளுங்கள், ரேந்தை நெய்யூரிலும் பின்னினார்கள். துணிகளுக்கு மில் துணி வேண்டாம், கைத்தறி. 1859 வரியில் வரும் "முரட்டுத்துணி" என்ற சொல் அப்போதுதான் விரலுக்குப் புரியும். தோள்சீலைக்கு மட்டும் மெல்லிய கரைபோட்ட துணி எடுங்கள். சண்டையே அந்த வித்தியாசத்தில்தான்.

நாஞ்சில்_வாசிப்பு:

முத்திரை இல்லை, மாற்றிவிடுகிறேன். குப்பாயம் தைக்க அளவு எங்கே பார்ப்பது?

ரேந்தை:

உங்கள் படத்திலேயே. வலது ஓரத்தில் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பெரிதாக்கித் தையல்காரரிடம் காட்டுங்கள். 1200-ல் எடுத்திருந்தால் கைக்குழி எங்கே தொடங்குகிறது, கழுத்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் தையல்கோடும்.